நான் அளக்காத பத்து அறைகள்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து கவிதா என்ற பெண் அழைத்தாள். ஜொகூர் பாருவில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு காப்பி மெஷின் வைக்கப் போறாங்க. ரூமுல இருக்கிற டீ, காப்பி டிரே எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. அஞ்சு விடுதி மட்டும் பழைய மாதிரியே வேணும்னு கேக்குது. டிரே எப்படிப் பார்த்து எடுக்கிறதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நீங்க கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

சரி என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"இன்னொண்ணு. கோத்தா திங்கி ஃபைல்ல பத்து வரிய கோடு போட்டு அடிச்சு, ஒவ்வொண்ணுலயும் உங்க கையெழுத்து இருக்கே. அது என்னா அண்ணே?"

அதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது என்றேன். இரண்டுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்து நான்கு வயது. ஓய்வுபெற்றவன் என்று சொல்லிக்கொள்ளும் வயதில்லை. ஆனால் அந்தத் தொழிலைப் பொறுத்தவரை நான் ஓய்ந்துவிட்டவன். ஒன்பது வருடம் செய்தேன். இப்போது ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்க்கிறேன். விருந்தினர் தொடும் பொருள் எதையும் இப்போது நான் தேர்ந்தெடுப்பதில்லை.

பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அப்பா செம்பனைக் குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஹோட்டல் நிர்வாகத்தில் டிப்ளோமா முடித்து, ஒரு வருடம் அறை சுத்தம் செய்யும் பிரிவிலும், ஆறு மாதம் வரவேற்பு மேசையிலும் நின்று, பிறகு கொள்முதல் பிரிவுக்கு வந்தேன். எங்கள் நிறுவனத்துக்கு ஜொகூர் முழுவதும் பெரிதும் சிறிதுமாக இருபது விடுதிகள். அறைக்குள் வைக்கும் சவர்க்காரம், செருப்பு, கோப்பை எல்லாம் எங்கள் பிரிவு தேர்ந்தெடுப்பதுதான். என் பங்குக்கு டீ, காப்பித் தட்டு வந்தது.

"படிச்சு முடிச்சு டீத்தட்டு பாக்கற வேலையாடா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாப்பா."

"ஏசி ரூமுலயா?"

"ஆமாப்பா."

"அப்ப பாரு."

தட்டு என்றால் என்ன? ஒரு கெட்டில், இரண்டு கோப்பை, இரண்டு கரண்டி, நான்கு தேயிலைப் பை, நான்கு காப்பிப் பொட்டலம், கொஞ்சம் சீனி. இவற்றைத் தாங்கும் ஒரு பலகை. நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். மரத்தட்டு படத்தில் அழகாக இருக்கும். கெட்டிலின் ஆவி பட்டுப்பட்டு ஆறு மாதத்தில் ஓரம் ஊதிப் பிளந்துவிடும். வெள்ளை மெலமைன் பிளாஸ்டிக்கில் காப்பிக் கறை குடியேறிவிடும். கறுப்பில் சிந்திய சீனி பளிச்சென்று தெரியும். அது குறையென்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். குறையில்லை கவிதா, தெரிந்தால்தான் துடைப்பார்கள், துடைக்காவிட்டால் மறுநாள் எறும்பு. விளிம்பு ஒரு விரல் தடிமன் உயரம் இருக்க வேண்டும்; குறைந்தால் கோப்பை வழுக்கி இறங்கும், கூடினால் துணி மூலைக்குள் போகாது. அறை சுத்தம் செய்பவர் ஒரு நாளில் பதினான்கு அறை செய்கிறார். உன் தட்டுக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு துடைப்புத்தான் கிடைக்கும். அந்த ஒரு துடைப்பில் சுத்தமாகாத தட்டை வாங்காதே.

இதெல்லாம் மேரி மேடத்தின் கீழ் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்டவை. அவர் கொள்முதல் மேலாளர். ஐம்பதைத் தொட்டவர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. மாதிரித் தட்டு வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையோரம் வைப்பார். கெட்டிலில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுவார். இரண்டு கையையும் குழாயில் நனைத்துக்கொண்டு, துடைக்காமலேயே தட்டைத் தூக்கி அலுவலகத்தை ஒரு சுற்று வருவார். கடைசியாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது யாரென்றே அவருக்குத் தெரியாது. அந்த நிலையில் காப்பி கலக்குவார்.

"கெஸ்ட் தூங்கி எழுந்து கண்ணாடி தேட மாட்டான். காப்பியத்தான் தேடுவான்" என்பார். கையில் ஒரு சொட்டு பட்டால் அந்தத் தட்டு தோற்றது.

அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸில் எங்கள் விடுதியை நடத்தும் விடுதிக்காரர் அன்னாசிப் பழ வடிவத்தில் தட்டு செய்து எடுத்துக்கொண்டு வந்தார். ஊருக்குப் பெயர் வாங்கித் தரும் என்று அவருக்கு ஆசை. மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே கொண்டை மாதிரி இலைகள், இலைக்கு இலை நடுவில் ஒரு குறுகிய இடுக்கு. இடுக்குக்குள் சுண்டுவிரலை விட்டார், போகவில்லை.

"இந்த இலைய யாரு துடைப்பா சார்? நீங்க வருவீங்களா?"

விடுதிக்காரர் சிரித்துவிட்டார். தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மேடம் சிரிக்கவில்லை. அவர் யாரையும் பாராட்டவும் மாட்டார். வேலை நன்றாக இருந்தால் "போதும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் வாரக்கணக்கில் உழைத்திருக்கிறேன்.

அவர் எங்களுக்குக் கொடுத்த ஆயுதம் அளவுத்தாள். விடுதிக்குத் தட்டு தேர்ந்தெடுக்கும் முன் அங்கே நேரில் போக வேண்டும். அறைக்கு ஒரு வரி. மேசையின் அகலம், மேசையிலிருந்து பிளக் மாட்டும் இடம் எத்தனை தூரம், பக்கத்தில் திரைச்சீலை இருக்கிறதா, கடைசியில் அளந்தவன் கையெழுத்து. "எல்லா ரூமும் ஒரே மாதிரின்னு மேனேஜர் சொல்லுவான். நம்பாத குமரன். ரூமுக்கு ரூம் போ." முதல் நாளே சொன்னார். ஏழு வருடம் அப்படியே போனேன். கழிப்பறைக்குப் பக்கத்து அறை, படிக்கட்டுக்குக் கீழ் அறை, பூட்டிக் கிடந்த அறை, ஒன்றையும் விட்டதில்லை. சக ஊழியர்கள் "டீத்தட்டு டாக்டர் வந்துட்டாரு, நாடி பிடிச்சுப் பாப்பாரு" என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

கோத்தா திங்கியில் ஆற்றை ஒட்டி எங்கள் நிறுவனத்துக்கு ஒரு விடுதி இருந்தது. இரண்டு தளம், மேலே பன்னிரண்டு அறை, கீழே பத்து. பழைய தட்டுகளை மாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் ஆர்டர் போக வேண்டும். நான் புதன்கிழமை போனேன்.

மேல்தளத்தை ஒழுங்காக அளந்தேன். பன்னிரண்டு அறையிலும் பிளக் மேசைக்குப் பின்னால் சுவரில், மேசைப் பரப்புக்கு ஒரு சாண் மேலே இருந்தது. உடனே மனதில் ஒரு முடிவு வந்தது: வயர் குட்டையான கெட்டில். நீள வயர் மேசை விளிம்பில் தொங்கும், குழந்தைகள் இழுக்கும். குட்டை வயர்தான் பாதுகாப்பு. மேடம் "போதும்" என்பார் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

கீழே இறங்கியபோது பரமேஸ்வரி அக்கா நடைபாதையில் மோப் போட்டுக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்துப் பத்து அறையும் அவர் பொறுப்பு. காலையில்தான் ஒரு கூட்டம் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. எல்லாக் கதவும் திறந்து, தரை முழுதும் ஈரம்.

"தம்பி, பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா. ரூம அளக்கணும்."

"கொஞ்சம் நில்லுங்க. இப்ப கால் வச்சீங்கன்னா மறுபடியும் நான்தான் தொடைக்கணும். பதினஞ்சு நிமிஷம் போகட்டும்."

"மேல மாதிரிதானேக்கா எல்லாம்?"

"கட்டிலு, மேசை எல்லாம் அதேதான். ஆனா வெள்ளம் வந்தப்புறம் கீழ சுவிட்சு எல்லாம் மாத்திட்டாங்க. பாத்துட்டுப் போங்க."

"அடுத்த தடவ வந்து பாக்கிறேன்க்கா."

"உங்க இஷ்டம். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிச் சிரித்தார்.

பதினைந்து நிமிடம். வானம் கறுத்திருந்தது, காலில் புதுச் சப்பாத்து, சாயங்கால நெரிசலுக்கு முன்னால் ஜொகூர் பாருவுக்குள் நுழைந்துவிட வேண்டும். பிற்பாடு யோசித்துப் பார்க்கையில் இவற்றில் ஒன்றும் காரணமில்லை. ஏழு வருடமாக அறைக்கு அறை போனவனுக்கு அன்றைக்கு அலுத்துவிட்டது. காரில் உட்கார்ந்து, கீழ்த்தளத்துப் பத்து வரியையும் எழுதினேன். எல்லா வரியிலும் ஒரே எண் இருந்தால் மேடத்துக்குச் சந்தேகம் வரும் என்று, சில வரிகளில் அரை அங்குலம் கூட்டினேன், சில வரிகளில் குறைத்தேன். பத்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் தாளைப் பார்த்தார். "போதும்" என்றார்.

தட்டுகள் போய்ச் சேர்ந்தன. அதன்பின் கீழ்த்தளத்தில் நடந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பு ஒரு வெள்ளத்தில் கீழ் அறைகளுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. மறுபடி ஏறினாலும் நனையக் கூடாதென்று பிளக்கெல்லாவற்றையும் சுவரில் தோள் உயரத்துக்குத் தூக்கி மாட்டிவிட்டார்கள். என் குட்டை வயர் மேசையிலிருந்து அங்கே எட்டவில்லை. பழைய கெட்டிலின் வயர் எட்டியதால் அதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. பரமேஸ்வரி அக்கா விடுதி மேலாளரிடம் போய் நீட்டிப்பு வயர் கேட்டிருக்கிறார். அறைக்குள் நீட்டிப்பு வயர் வைப்பது தீப்பாதுகாப்பு விதிக்கு ஆகாது, எப்படியாவது பார்த்துச் செய் என்றிருக்கிறார் அவர். அக்கா பார்த்துச் செய்தார். மேசை இழுப்பறையைக் கழற்றி, மேசை மேலேயே கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் தட்டை வைத்தார். வயர் எட்டியது. ஆனால் தட்டைவிட இழுப்பறை சின்னது. இரண்டு பக்கமும் தட்டு நான்கு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உறவினர் கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த ஓர் அம்மாள் காலையில் தேநீர் போட எழுந்தார். நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில் ஒரு கையை ஊன்றி, மறுகையால் கோப்பையை எடுத்திருக்கிறார். தட்டு கவிழ்ந்தது. கொதித்து முடிந்த கெட்டில் அவர் மடியில். இடுப்பிலிருந்து முழங்கால்வரை. மருமகள் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையோடு மருத்துவமனைக்கு ஓடினார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று மத்தியானம் மேரி மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் அளவுத்தாள் இருந்தது.

"குமரன், கீழ் ரூமையும் அளந்தியா?"

"அளந்தேன் மேடம்."

"ஒவ்வொண்ணா?"

"ஒவ்வொண்ணா."

மேடம் தாளைக் கோப்பில் வைத்து மூடினார். இதை எழுதும்போதும் அந்தக் கோப்பு மூடும் சத்தம் கேட்கிறது.

விசாரணை விடுதியிலேயே நடந்தது, என்னைக் கூப்பிடவில்லை. என் அளவுத்தாள் மட்டும் அங்கே போயிற்று. ஒரு வாரத்தில் முடிவு வந்தது: நிர்ணயித்த இடத்திலிருந்து தட்டை மாற்றி வைத்ததால் பணியாளர் வேலைநீக்கம். எல்லா விடுதிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றார்கள். மலாய் நன்றாக எழுதுவான் என்று அந்த வேலையும் என்னிடம் வந்தது. அறைப் பணியாளர்கள் தட்டை எக்காரணம் கொண்டும் இடம் மாற்றக் கூடாது. பிழையில்லாமல் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, அந்த விடுதிக்கு வேறு கெட்டில் பார்க்க என்னையே அனுப்பினார்கள். கீழ்த்தளம் காய்ந்திருந்தது. முதல் அறைக்குள் போனேன். பிளக் என் தோளுக்கு நேராக இருந்தது. அதற்குக் கீழே, பெயிண்டையும் மீறி, தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு. பத்து அறையிலும் போய் அளந்தேன். ஓர் அறைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பரமேஸ்வரி அக்கா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, பாத்திரம் கழுவுகிறார் என்று சொன்னார்கள். பின்பக்கம் குழாயடியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்னா தம்பி இந்தப் பக்கம்?"

"அக்கா, அன்னைக்கு நான் கீழ வரவே இல்ல."

"தெரியுமே. நான்தானே மோப் போட்டுக்கிட்டிருந்தேன்."

"விசாரணையில நீங்க சொல்லலியா?"

"சொன்னேன். அந்தத் தம்பி ரூமுக்குள்ள வரவே இல்ல, தரை ஈரமா இருந்துச்சுன்னு சொன்னேன். அவங்க உங்க பேப்பர எடுத்துக் காட்டினாங்க. இந்த ரூமு இவ்வளவு, அந்த ரூமு இவ்வளவுன்னு அரை அங்குலம் சுத்தமா எழுதியிருக்கு, நீ மட்டும் வரலங்கிறன்னு கேட்டாங்க." புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். "எனக்கே சந்தேகமாப் போச்சு. நான் பாக்காதப்ப வந்திருப்பீங்களோன்னு."

கடைக்காரர் உள்ளேயிருந்து ஏதோ கேட்டார். அக்கா "இதோ" என்றார்.

"இப்ப எதுக்குத் தம்பி வந்தீங்க?"

"ஆபீசுல சொல்லப் போறேன்க்கா."

"சொல்லுங்க. சொல்றத நாலு பேரு இருக்கும்போது சொல்லுங்க."

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். நாலு பேர் இல்லை. அவர் அறைக்குள், கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோப்பைத் திறந்து அளவுத்தாளை எடுத்தார். ரூலரை வைத்து, கீழ்த்தளத்துப் பத்து வரியையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். தாளை என் பக்கம் திருப்பினார்.

"சைன் பண்ணு. ஒவ்வொரு வரிக்கும்."

பத்து கையெழுத்தும் போட்டேன். முடித்ததும், "நான் உன்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன் குமரன்" என்றார். "ரெண்டாவது தடவ ஏன் கேட்டேன்னு நினைக்கிற?"

கவிதா, நீ கேட்ட பத்து வரி இதுதான்.

மேடம் மேலிடத்துக்கு எழுதினார். ஒரு மாதம் கழித்து அக்காவுக்குக் கடிதம் புறப்பட்டது என்று தெரிந்ததும் கோத்தா திங்கிக்குப் போனேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் போனேன். அக்கா கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தார்.

"கடைக்காரரு படிச்சாரு. வேலைக்குத் திரும்பி வரச் சொல்றாங்கன்னாரு. நீங்க ஒருக்கா நல்லாப் படிங்க."

மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். முந்தைய முடிவை மறுபரிசீலனை செய்து, நல்லெண்ண அடிப்படையில், மறுபடி பணியில் சேர வாய்ப்பளிக்கப்படுகிறது.

"அதுல என் மேல தப்பு இல்லன்னு போட்டிருக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு மலாய் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. நான் கடிதத்தை மேலிருந்து கீழே மறுபடி படித்தேன்.

"இல்லக்கா."

"பின்ன நல்லெண்ணம்னா?"

"போனாப் போகுதுன்னு எடுத்துக்கிறாங்க."

"போனாப் போகுதுன்னு யாரு சொல்றது தம்பி? நான்ல சொல்லணும்." கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். "அந்த ஒரு வரி போட்டு வாங்கிட்டு வாங்க. மறுநாளே நான் யூனிபார்ம் போட்டுக்கிட்டு நிக்கிறேன்."

அந்த வரியைக் கேட்டு மேடத்திடம் போனேன். அவர் ஏற்கெனவே மேலிடத்தில் கேட்டு, இந்தப் பதிலை வாங்கியிருந்தார்: காயம்பட்ட அம்மாளின் மகன் வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருக்கிறார், பணியாளர் மேல் தப்பில்லை என்று எழுதினால் தப்பு நிறுவனத்தின் மேல் வந்து நிற்கும், எழுத முடியாது. நான் மேலிடத்து அலுவலகத்துக்கும் போய்க் கேட்டேன். என்னை உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நடந்தது நடந்துவிட்டது, நீ இளைஞன், வேலையைப் பார் என்றார்கள். என்மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. இரண்டாம் முறை போனபோது வரவேற்பு மேசையிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த மாதமே விலகல் கடிதம் கொடுத்தேன்.

கடைசி நாள் வீட்டுக்கு வந்து ஒரு முழுத்தாளில் நானே எழுதினேன். இன்ன விடுதியின் கீழ்த்தளத்துப் பத்து அறைகளை நான் அளக்கவில்லை. பரமேஸ்வரி என்பவர் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியும் போகவில்லை. காரில் உட்கார்ந்து பொய்யாக எழுதினேன். நடந்ததற்கு அவர் பொறுப்பல்ல, நான் பொறுப்பு. மலாயில் எழுத ஆரம்பித்தவன் கிழித்துவிட்டுத் தமிழில் எழுதினேன், அவர் தாமே படிக்க வேண்டும் என்று. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு மூன்று வருடம் போயிருப்பதாக அக்கா ஒருமுறை சொல்லியிருந்தார். கீழே பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் கொடுத்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு குழாயடி முக்காலியில் உட்கார்ந்தார். ஈரம் படாமல் தாளைத் தள்ளிப் பிடித்து, விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து, வாய்விட்டுப் படித்தார். தம் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி படித்தார். முடிக்க வெகுநேரம் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

படித்து முடித்துத் தாளை மடித்தார். நாலாக மடித்து, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் அழுத்தினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இத நான் யாருக்கிட்ட காட்டறது?"